சீழ் பிடிக்கட்டும்

"தொடாதீங்கக்கா, மதியம் டாக்டர் வந்து கட்டைப் பிரிக்கறப்ப பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் நர்ஸ் ஜெபராணி. சொல்லிவிட்டுப் போகிறவளுக்கென்ன, போய்விடலாம். உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த வெள்ளைத் துணியைத் தவிர இந்த அறையில் பார்க்க வேறென்ன இருக்கிறது? வளர்மதி முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடை, நடையில் ஒரு நாற்காலி, அதில் அவள் புருசன் குழந்தைவேல், அவளுக்கு மாமா, தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்கட்டும், ராத்திரி முழுக்க அந்த மனுசனும் எங்கே தூங்கினான். பார்வை தானாகத் திரும்பி வந்து கட்டிலில் தூங்குகிற மகன் மகிழனுடைய இடது புறங்கையில் உட்கார்ந்துகொண்டது. காலையில் வெதுவெதுப்பான துணியால் அவனைத் துடைத்துவிடும்போது அவள்தான் முதலில் பார்த்தாள். பழைய ஊசி ஏறியிருந்த இடத்தில் சிவப்பாக ஒரு மேடு, தொட்டால் சுட்டது. அட சாமி, மறுபடியுமா. மூத்தவள் இனியாவிடமிருந்து, வெள்ளையணுவை உண்டாக்குகிற எலும்பு மஜ்ஜையை எடுத்துத் தம்பிக்கு ஏற்றி வாரக்கணக்காகிறது. ரத்தத்தில் வெள்ளையணு ஏறியிருக்கிறது, அது அக்காவுடையதா தம்பியுடையதா என்று பார்க்கச் சாம்பிள் போயிருக்கிறது, முடிவு வர நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏறுவதில் என்ன இருக்கிறது, வெள்ளையணுவுக்கு இவன் ரத்தத்தில் முன்னேயும் பஞ்சமில்லை. புண் இருக்கிற இடத்துக்கு அது போகுமா என்பதல்லவா பேச்சு. போனால் பிள்ளை வீட்டுக்கு வருவான். போகாவிட்டால் என்று ஆரம்பித்த வாக்கியத்தை டாக்டரும் முடிக்கவில்லை, இவளும் முடிக்க விடவில்லை. போனதா போகவில்லையா என்பது இப்போது அந்தத் துணிக்கு அடியில் இருக்கிறது.

கைக்கு வேலை இல்லாததுதான் பெரிய தொந்தரவு. வீட்டிலென்றால் மடியில் எப்போதும் யாருடைய ரவிக்கையாவது கிடக்கும். தையல்காரர் தைத்துக் கொடுத்தனுப்புவார், இவள் கொக்கி வைத்து, ஓரம் மடித்து, திருப்பி அனுப்புவாள். இங்கே ஊசி கொண்டுவரக் கூடாது, நூல் கூடாது, பூ கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது. விரல் மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, மாஸ்க்கின் நாடாவை முறுக்கி முறுக்கிப் பிரிக்கிறது. கொக்கி என்று நினைத்ததும் டாக்டர் மீனலோசனி படம் போட்டுக் காட்டினது ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளையணு ரத்தத்தோடு உருண்டு ஓடிக்கொண்டே இருக்குமாம். எங்காவது புண் என்றால் அந்த இடத்தில் குழாய்ச் சுவரைப் பிடித்து நின்று, சுவரைத் தாண்டி இறங்க வேண்டுமாம். பிடிப்பதற்கு அணுவின் மேலே கை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். "மகிழனுக்கு அந்தக் கை இருக்கும்மா. எல்லாருக்கும் இருக்கற மாதிரியேதான் இருக்கு. ஆனா மடங்கியே கிடக்கு. நிமிரு, பிடின்னு சொல்ல வேண்டியது அணுவுக்கு உள்ளே இருக்கற ஒரு புரதம். அது கையோட அடிநுனியை உள்ளேயிருந்து பிடிச்சாத்தான் வெளியே கை நிமிரும். உங்க பையனுக்கு அந்தப் புரதம் இல்லை." இவளுக்கு மளமளவென்று புரிந்த மாதிரி இருந்தது. கவிழ்ந்துகிடக்கிற கொக்கியை வெளியிலிருந்து நோண்டினால் துணி கிழியும், உள்பக்கம் விரலைக் கொடுத்துத் தள்ளினால் எழுந்து நிற்கும், இவள் தினமும் செய்கிற சோலிதானே. அதனால்தான் அவ்வளவு தைரியமாக அந்தக் கூத்தைச் செய்தாள். புரதம் இல்லை என்றுதானே சொன்னார்கள்? மாமா மினிலாரியில் வரும்போதே முட்டை அட்டையோடு வந்து இறங்கினான். பச்சைப்பயறு, கொள்ளு வடித்த தண்ணீர், பாசிப்பருப்புக் கஞ்சி என்று பிள்ளை வாயைத் திறந்தால் போதும், ஒரு கரண்டி உள்ளே போனது. அவனுக்கும் முட்டை மஞ்சள் பிடித்துப்போய் ஆ ஆ என்று கேட்டு வாங்கினான். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "புரதம் நல்லா ஏத்தியிருக்கறோங்க டாக்டரம்மா, தினம் ரெண்டு வேளை முட்டைங்க, இனி கை நிமிர்ந்துரும்ங்களே?" என்று கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "என் தப்புங்க, நான் சரியா சொல்லலை" என்றார். அது சாப்பாட்டில் வருகிற புரதமில்லையாம், உடம்பு தனக்குத் தானே செய்துகொள்வதாம், செய்கிற முறை ஒவ்வொருவர் உடம்பிலும் இரண்டு பிரதி இருக்குமாம், அம்மா அப்பா இரண்டு பேரிடமும் ஒரு பிரதி பிசகாக இருந்து, அந்தப் பிசகுப் பிரதிகளே இரண்டும் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிட்டனவாம். சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். அத்தை மகன்தான் என்று இவள் சொன்னாள். அன்றைக்கு வீடு போகிற வரைக்கும் மாமா வண்டியில் பாட்டுப் போடவில்லை. மிச்ச முட்டையை இனியா தின்று தீர்த்தாள்.

முட்டையாவது பரவாயில்லை, அது அன்பில் செய்த அசட்டுத்தனம். தங்க உடம்பு என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தோமே, அதை எதில் சேர்ப்பது? பிறந்த கொஞ்ச நாளிலேயே மகிழன் காதுமடலில் ஒரு புண் வந்தது. கொசு கடித்ததாக இருக்கும் என்று மஞ்சள் வைத்தாள். மற்ற பிள்ளைகளுக்கென்றால் சீழ் கட்டி, உடைந்து, வீடெல்லாம் வீச்சம் எடுக்கும். இவனுக்குச் சொட்டுச் சீழ் இல்லை. காய்ந்து, சுத்தமாக, கழுவிவைத்த மாதிரி இருந்தது. "என்ற பையன் உடம்பு தங்கம்டா, புண்ணு வந்தாக்கூடச் சீழே வைக்காது" என்று மாமா டீக்கடையில் பீற்றிக்கொண்டது இவள் காதுக்கு வந்தபோது இவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். திருஷ்டி பட்டுவிடப்போகிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். புண் மட்டும் ஆறவேயில்லை. ஓரம் கறுத்து, கறுப்பு மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போனது. தொப்புள்கொடியும் அப்படித்தான். ஒரு வாரத்தில், கூடினால் ரெண்டு வாரத்தில் விழ வேண்டியது விழவில்லை. ஆசாரியிடம் சொல்லி வெள்ளித் தாயத்து அடித்து வாங்கி, கொடி விழுந்ததும் உள்ளே போட்டு மூடி இடுப்பில் கட்டலாமென்று குங்குமச் சிமிழுக்குள் வைத்திருந்தாள். மாதம் ஒன்று தாண்டியும் அது வயிற்றில் ஒட்டிக்கொண்டே இருந்தது. "அம்மாகிட்டயிருந்து போக மனசில்லை போல" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா சொன்னாள். என்ன ஒரு சொல். அதைக் கேட்டு இவளுக்கு மார்பில் பால் சுரந்தது, இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, ஜாக்கெட் நனைந்துபோயிற்று. அப்புறம் டாக்டர் சொன்னார், கொடியை அறுத்து விழவைக்கிறதும் அதே வெள்ளையணுக்கள் வந்து செய்கிற வேலைதான், வர முடியாததால்தான் விழவில்லை என்று. ஒட்ட வேண்டியது ஒட்டாததால் விழ வேண்டியது விழவில்லை. பிள்ளைக்கு என்னை விட மனசில்லை என்று நான் பூரித்துப்போயிருந்தேனே, அது நோவு, பாசமில்லை. இல்லை, பாசமும்தான். அதெப்படிப் பாசமில்லாமல் போகும்? கடைசியில் உள்ளூர் ஆஸ்பத்திரியில்தான் வெட்டி எடுத்தார்கள், எடுத்ததைக் கேட்க வாய் வரவில்லை, அது குப்பைக்குப் போயிருக்கும். தாயத்து இன்னும் சிமிழுக்குள் வெறும் கூடாகக் கிடக்கிறது. எடுத்து ஆட்டினால் சத்தம் வராது.

மகிழன் தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டினான். முடியெல்லாம் கொட்டி மண்டை வழவழவென்று இருந்தது, பிறந்த அன்றைக்கு இருந்ததைவிட மொட்டை. இனியா பார்த்தால் சிரிப்பாள். சிரிப்பாளா? அவள் சிரித்தே நாளாகிறதே, தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து. அவள் வைத்திருக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறாள், பதில்தான் யாரும் சொல்லவில்லை. மஜ்ஜை மாற்ற இங்கே வந்து சேர்ந்த அன்றைக்கே டாக்டர் அறையில் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் புள்ளை. "அக்காவோட மஜ்ஜை தம்பிக்குப் பிடிச்சுதுன்னா நல்லா ஆயிடுவான்" என்றார் டாக்டர். "பிடிக்கலைன்னாங்க?" என்று மாமா கேட்டான். அவ்வளவுதான் பேச்சு. பெரியவர்களுக்கு அது ஒரு பிடிப்பு, ஆறு வயசுக்கு அது வேற பிடிப்பு. வெளியே வந்ததும் இவள் முந்தானையை இழுத்து, "அம்மா, தம்பிக்கு என்னைப் பிடிக்குமா?" என்று கேட்டாள். ஏன் பிடிக்காது அம்மிணி, அக்கா ஆச்சே என்று இவள் ஏதோ சொல்லி நடந்தாள். அந்தப் புள்ளை நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "நான் கிள்ளியிருக்கறேனே" என்றது. ஐயோ, அதை மறந்தே போயிருந்தோம் எல்லாரும். மகிழன் தவழ ஆரம்பித்த புதுசில் அவளுடைய கலர் பென்சிலை வாயில் வைத்துக் கடித்துவிட்டான். ஆத்திரத்தில் இனியா அவன் தொடையில் கிள்ளி, "இவனை எனக்குப் பிடிக்கவே இல்லை, எங்காச்சும் குடுத்துருங்க" என்று கத்தினாள். எந்த வீட்டில் அக்கா கிள்ளவில்லை? நகம் பட்ட இடம் சிவந்தது, சீழ் வைக்கவில்லை, ஆறவில்லை, கறுத்தது, அகன்றது. அந்தப் புண்ணைத் தூக்கிக்கொண்டுதான் முதல்முதலாக இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கிள்ளியதால் வந்ததில்லை, கிள்ளாவிட்டாலும் வேறெதிலாவது வந்திருக்கும் என்று டாக்டர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுகிற புள்ளையெல்லாம் நம்பிவிட்டது என்று யார் சொன்னது? மஜ்ஜை எடுத்த அன்றைக்கு மயக்கம் தெளிந்து, இடுப்பு வலியில் முனகிக்கொண்டே கேட்ட முதல் வார்த்தை, "பிடிச்சிருச்சா?"

பிடிக்காவிட்டால் இவளுக்கு இரண்டு பிள்ளையும் போனது போல. ச்சே, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவ வேண்டும், மனசைக் கழுவ எந்தச் சோப்பு இருக்கிறது. ஆனாலும் அதுதான் நெசம். இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் புள்ளை ஆயுசுக்கும் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தம்பிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று கிழவியாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கும். நான் என்ன சொல்லித் தேற்றுவேன், மடங்கிக் கிடக்கிற கை, உள்ளேயிருந்து நிமிர்த்துகிற ஆள் என்று ரவிக்கைக் கொக்கியைக் காட்டியா? துணிக்கு அடியில் சிவப்பு இப்போது என்ன செய்துகொண்டிருக்கும்? கறுத்திருக்குமா? ஓரம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். தெரியவில்லை. பிளாஸ்திரியின் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது, அதை அழுத்திவிடுகிற சாக்கில் கொஞ்சமே கொஞ்சம்... வேண்டாம், தொடக் கூடாது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி. புண் வந்தால் சீழ் வைக்க வேண்டும், அதுதான் ஆரோக்கியம், சீழ் என்பது கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளையணுக்கள்தான் என்று சொன்னாரே டாக்டர். அப்படியென்றால் அவை வந்து சேர்ந்தால்தானே சீழ். குழாயடியில் ஒருநாள் பாக்கியம் அக்காவுக்கும் மேட்டுவீட்டுக்காரிக்கும் சண்டை முற்றி, "உன்ற கையில சீழ் பிடிக்க" என்று பாக்கியம் மண்ணை வாரி இறைத்தாள். இவள்தான் நடுவில் போய், அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா என்று வாயைப் பொத்தினாள். இன்றைக்கு அந்தச் சாபத்தைத்தான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாரியாத்தா, என்ற பிள்ளை கையில சீழ் பிடிக்கட்டும். வீச்சம் எடுக்கட்டும். மஞ்சளும் பச்சையுமா வழியட்டும், நான் மூஞ்சி சுளிக்காமத் துடைச்சு எடுக்கறேன், உனக்குப் பூ மிதிக்கறேன், குடம் எடுக்கறேன். எந்தத் தாயாவது இப்படி ஒரு வரம் கேட்டிருப்பாளா என்று ஆத்தாளே திகைத்துப்போயிருப்பாள். மகிழன் கண்ணைத் திறந்தான். இவளுடைய மாஸ்க்கைப் பார்த்தான், மாஸ்க்குக்கு மேலே கண்ணைப் பார்த்தான், கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தான். கட்டுப் போட்ட கையையே நீட்டி இவள் சுண்டுவிரலைப் பிடித்தான். பிடி கெட்டியாகத்தான் இருந்தது. வெளியே இருக்கிற கை இவனுக்கு எப்பவும் நல்ல கைதான். ஏஞ்சாமி, உள்ளே எப்படிடா இருக்கறே?

கதவு திறந்தது. ஜெபராணி முதலில் வந்தாள், தட்டில் பஞ்சும் கத்தரியும். டாக்டர் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர் சத்தம் கேட்டது. வளர்மதி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். பார்க்க வேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போக வேண்டும் போலவும் இருந்தது. மகிழன் ஜெபராணியின் பேனாவைப் பிடுங்கப் பார்த்தான். அவள் கொஞ்சிக்கொண்டே பிளாஸ்திரியை ஈரப்படுத்தி உரித்து, துணியைப் பிரித்து, பிரித்த வேகத்தில் நின்றாள். கீழ்த்தளத்திலிருந்து போன வாரம்தான் இந்த வார்டுக்கு வந்தவள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"அச்சச்சோ. சீழ் பிடிச்சிருக்கேக்கா."

வளர்மதிக்குக் காது அடைத்துத் திறந்தது. "என்ன சொன்னீங்க?"

"பயப்படாதீங்க, கொஞ்சமாத்தான்..."

"கொஞ்சமாவா? நல்லாப் பாருங்க சிஸ்டர். நெசமாலுமே சீழா? தண்ணி இல்லையே? மஞ்சளா இருக்குதா?" கிட்டே வந்துவிட்டாள். சிவந்த மேட்டின் உச்சியில், ஒரு பயறு அளவு, மஞ்சளாக, கொழகொழவென்று, அருவருப்பாக, அப்படி ஒரு அழகை இவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "சீழ்தான். ஐயோ சாமி, சீழேதான். மாமா!" கண்ணாடியைத் தட்டினாள். நாற்காலியிலிருந்து குழந்தைவேல் திடுக்கிட்டு எழுந்தான். உள்ளே பெண்டாட்டி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மாஸ்க்கில் தெரியவில்லை போல, முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. "சீழ்!" என்று இவள் வாயசைத்தாள், மாஸ்க்குக்குள் வாயசைத்தால் யாருக்குத் தெரியும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஜெபராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட வாசலுக்கு ஓடினாள்.

டாக்டர் மீனலோசனி குனிந்து வெகுநேரம் பார்த்தார். லேசாக அழுத்தினார், மகிழன் வீலென்று கத்தினான். ஒரு பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்துக் குழாயில் போட்டு மூடினார். "மருந்து உடனே ஆரம்பிக்கணும், இதை விட்டுவைக்க முடியாது" என்று ஜெபராணியிடம் சொன்னார். அப்புறம் இவள் பக்கம் திரும்பினார். "சாம்பிள் முடிவு வரட்டும், அதுவரைக்கும் நான் உறுதியா எதுவும் சொல்லக் கூடாது வளர்மதி." குரல் சொன்னதைக் கண் கேட்கவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. "ஆனா இவனோட பழைய அணுவுக்கு இந்த வேலை தெரியாது. இது இவன் அக்கா வேலை."

போனை எடுக்க விரல் வழுக்கியது, கையில் தேய்த்த மருந்து இன்னும் காயவில்லை. தங்கச்சி எடுத்து, இனியாவிடம் கொடுத்தாள். இன்றைக்கும் அந்தப் புள்ளை சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. தாழ்ந்த குரலில் அதே கேள்வி. "பிடிச்சிருச்சாம்மா?"

"பிடிச்சிருச்சு அம்மிணி."

"சும்மா சொல்றே. உனக்கெப்படித் தெரியும்?"

"நெசமாத்தான் கண்ணு. தம்பி கையில புண்ணு வந்துச்சு. நீ குடுத்தது போய் அந்தப் புண்ணைப் பிடிச்சு நின்னுக்கிச்சு. சீழ் வச்சிருக்கு, நானே பார்த்தேன்."

"ச்சீ!" என்றாள் இனியா.

"ஆமா கண்ணு, ச்சீதான்" என்றாள் வளர்மதி, மூக்கு ஒழுகுவதைத் துடைக்க மாஸ்க்குக்குள் வழியில்லாமல்.

"நான் கிள்ளுனது அவனுக்கு ஞாபகம் இல்லையா?"

"இல்லவே இல்லை."

போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது, கொலுசும், ஏதோ பாத்திரம் உருள்வதும், தங்கச்சி அடுக்களையிலிருந்து என்னடி என்று கேட்பதும். வளர்மதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்தப் புள்ளை கத்தியது: "சித்தி! தம்பிக்கு என்னைப் பிடிச்சிருச்சாம்! சீழ் வந்திருச்சாம்!"